மில்லில் தொடங்கி அயர்லாந்தில் முடிந்தவர்: வில்லியம் ஃபார்ஸ்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பி.எட். படிக்கிறவர்களுக்குக் கல்வி வரலாறு சொல்லிக்கொடுக்கும்போது "1870: ஃபார்ஸ்டர் சட்டம்" என்று ஒரு வரி வரும். இங்கிலாந்தின் தொடக்கக் கல்விச் சட்டம் அது. பாடப்புத்தகம் அந்த வரியோடு அடுத்த தலைப்புக்குப் போய்விடும், பிள்ளைகள் போகமாட்டார்கள். யார் அவர், என்ன தொழில், நல்லவரா கெட்டவரா என்று வருஷா வருஷம் அதே கேள்விகள் வரும். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துப்போய், அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதிலும் எழுதி வைத்தேன்.

சார், இந்த ஃபார்ஸ்டர் நாவல் எழுதினாரே, அவரா?

இல்லை. நாவலாசிரியர் ஃபார்ஸ்டர் 1879-ல் பிறந்தவர். அவர் குழந்தையாக இருந்தபோது நம்ம ஆள் அறுபதைக் கடந்த மில் முதலாளி, அரசியல்வாதி. முழுப்பெயர் வில்லியம் எட்வர்ட் ஃபார்ஸ்டர். பிறந்தது 1818 ஜூலை 11, தென் இங்கிலாந்தில் டோர்செட் பகுதியில் பிராட்போல் என்ற சிற்றூரில். பிழைத்தது, பெயர் வாங்கியது எல்லாம் வடக்கே யார்க்‌ஷயரில், பிராட்ஃபோர்டு நகரத்தில். 1861 முதல் சாகும்வரை அந்த ஊருக்கு எம்.பி.

மில் முதலாளின்னா பரம்பரைப் பணக்காரரா?

அப்படிச் சொல்ல முடியாது. அப்பா ஒரு குவேக்கர் போதகர். ஊர் ஊராகப் போய் அடிமைமுறைக்கு எதிராகப் பேசியவர். அந்த வேலையாகவே அமெரிக்காவுக்குப் போய் 1854-ல் டென்னஸியில் இறந்துபோனார். தாய்மாமன் தாமஸ் ஃபோவெல் பக்ஸ்டன், பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறையை ஒழிக்க நாடாளுமன்றத்தில் போராடியவர். வீட்டில் கொள்கை நிறைய இருந்தது, ரொக்கம் அவ்வளவாக இல்லை.

அதனால் பையன் தொழில் கற்கக் கிளம்பினான். முதலில் நாரிச் ஊரில், சீனாவுக்கு ஏற்றுமதியாகும் கைத்தறித் துணி நெய்யும் ஒரு நிறுவனம். அடுத்து டார்லிங்டனில் பீஸ் குடும்பத்தின் கம்பளி ஆலை. அங்கே கம்பளியைத் தரம் பிரிக்கும் இடத்திலிருந்து வேலை பழகினார். 1841-ல் பிராட்ஃபோர்டு வந்தார், அடுத்த வருஷம் வில்லியம் ஃபைசன் என்பவரோடு கூட்டுச் சேர்ந்தார். பிற்பாடு தொழில் வளர்ந்து, பக்கத்தில் வார்ஃப் ஆற்றங்கரையில் பர்லி என்ற கிராமத்தில் பெரிய ஆலை நடத்தினார்கள். அவர் வீடும் அங்கேயே.

அப்போ பஞ்சு மில்லா? மான்செஸ்டர் மாதிரி?

இந்தக் குழப்பம் நம் ஊரில் ரொம்ப அதிகம். கோயம்புத்தூர்க்காரருக்கு மில் என்றாலே பஞ்சாலைதானே. மான்செஸ்டரும் லங்காஷயரும் பருத்தி. மலைத்தொடரைத் தாண்டி இந்தப்பக்கம் யார்க்‌ஷயர் கம்பளி. அதிலும் பிராட்ஃபோர்டின் பெருமை நீள இழைக் கம்பளியைச் சீவி நூற்று நெய்கிற வூஸ்டெட் துணி. கோட்டு சூட்டு தைக்க வழவழப்பாக இருக்குமே, அந்தச் சாதி.

இந்த வித்தியாசம் அரசியலிலும் தெரிந்தது. 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்ததும் தென்மாநிலப் பருத்தி நின்று லங்காஷயர் பட்டினி கிடந்தது. தெற்கை ஒரு தனி நாடாக பிரிட்டன் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று பலர் பேசினார்கள். ஃபார்ஸ்டர் அதைக் கடைசிவரை எதிர்த்தார். அப்பாவும் மாமனும் அடிமை ஒழிப்புக்காரர்கள் என்பது பெரிய காரணம். அவர் ஆலை ஓடியது கம்பளியில் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அவரைப் போலவே லிபரல் கட்சியில் இருந்த ஜான் பிரைட் பருத்தி மில்காரர், சொந்த நஷ்டத்தைப் பார்க்காமல் வடக்கை ஆதரித்தவர். ஆகவே எல்லாம் பணம்தான் என்று முடித்துவிடவும் கூடாது.

குவேக்கர்னா யாரு? இவரை ஏன் தள்ளி வச்சாங்க?

கிறிஸ்தவத்தில் ஒரு சிறு பிரிவு. பாதிரியார் கிடையாது, சடங்கு கிடையாது, போர் கூடாது, சத்தியம் செய்து கொடுப்பதும் கூடாது. கூட்டத்தில் பெரும்பாலும் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். எண்ணிக்கை குறைவு, ஆனால் வியாபாரத்தில் நாணயம் என்று பெயர். அந்தக் காலத்தில் கூட்டத்துக்கு வெளியே கல்யாணம் செய்தால் விலக்கிவிடுவார்கள்.

ஃபார்ஸ்டர் 1850-ல் ஜேன் ஆர்னால்டை மணந்தார். ரக்பி பள்ளியின் புகழ்பெற்ற தலைமையாசிரியர் தாமஸ் ஆர்னால்டின் மூத்த மகள், ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்து அரசுத் திருச்சபைக் குடும்பம். விலக்கு வந்தது. அதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று: விலக்கிய சேதியைச் சொல்ல வந்த பெரியவர்கள் கைகுலுக்கிவிட்டு, இருந்து மதியச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்களாம். நம் ஊர் ஊர்விலக்கை நினைத்துப் படித்தால் சிரிப்பு வரும்.

நல்லா ஓடுற மில்லை வச்சுக்கிட்டு அரசியலுக்கு எதுக்கு வந்தாரு?

பிராட்ஃபோர்டு அப்போது வேகமாகப் பெருத்து, புகையும் சாக்கடையும் பட்டினியுமாக இருந்த ஊர். 1848-ல் சார்ட்டிஸ்ட் இயக்கத்தார், அதாவது தொழிலாளிக்கும் ஓட்டுரிமை கேட்டவர்கள், அங்கே வலுவாக இருந்தார்கள். மற்ற முதலாளிகள் கதவைச் சாத்தியபோது ஃபார்ஸ்டர் அவர்கள் கூட்டத்துக்குப் போய்ப் பேசினார். கோரிக்கையில் பாதி நியாயம், ஆயுதம் எடுப்பது தவறு என்பது அவர் நிலை. இந்த "பாதி நியாயம்" அவருடைய வாழ்க்கை முழுக்க வரும், கவனித்துக்கொண்டே வாருங்கள்.

1859-ல் லீட்ஸில் நின்று தோற்றார். 1861-ல் பிராட்ஃபோர்டு எம்.பி. டைட்டஸ் சால்ட் பதவி விலகினார். அவரும் பெரிய கம்பளி ஆலை அதிபர், தொழிலாளருக்காக சால்டேர் என்று ஒரு ஊரையே கட்டியவர். காலியான இடத்துக்கு ஃபார்ஸ்டர் போட்டியின்றித் தேர்வானார்.

1870 சட்டம்தானே இங்கிலாந்தில் இலவசக் கட்டாயக் கல்வி கொண்டுவந்தது?

அதிகம் பேர் தப்பாக எழுதும் விடை இதுதான். அந்தச் சட்டத்தால் கல்வி இலவசமும் ஆகவில்லை, நாடு முழுக்கக் கட்டாயமும் ஆகவில்லை. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமான சட்டம் அது. ஸ்காட்லாந்துக்கு 1872-ல் தனிச்சட்டம் வந்தது.

அப்போது பள்ளிகளைப் பெரும்பாலும் மத அமைப்புகள் நடத்தின, அரசு மானியம் தந்தது. 1870 பிப்ரவரி 17 அன்று மசோதாவை வைத்துப் பேசும்போது, அரசில் கல்விப் பொறுப்பில் இருந்த ஃபார்ஸ்டர் கணக்கைப் போட்டுக் காட்டினார். ஆறிலிருந்து பத்து வயதுக்குள் சுமார் 7 லட்சம் பிள்ளைகள் மானியப் பள்ளிகளில் இருக்கிறார்கள், 10 லட்சம் பேர் வெளியே. பத்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இரண்டரை லட்சம் உள்ளே, 5 லட்சம் வெளியே. இருப்பதை இடிக்க வேண்டாம், ஓட்டையை மட்டும் அடைப்போம் என்பது அவர் திட்டம். பள்ளி போதாத ஊரில் மக்கள் தேர்ந்தெடுக்கும் "பள்ளி வாரியம்" வரும். அது உள்ளூர் வரிப்பணத்தில் பள்ளி கட்டும்.

கட்டாயம் வேண்டுமா என்பதை வாரியமே தீர்மானிக்கலாம், ஐந்திலிருந்து பதின்மூன்று வயதுவரை. கட்டணமும் உண்டு, வாரத்துக்கு 9 பென்னிக்குமேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு. ஏழைப் பிள்ளைக்கு வாரியம் தள்ளுபடி செய்யலாம். நாடு முழுவதும் கட்டாயம் என்றானது 1880-ல், அதைச் செய்தவர் முண்டெல்லா. அவரும் துணித்தொழில்காரர், நாட்டிங்ஹாமில் காலுறை ஆலை வைத்திருந்தவர். கட்டணம் பெரும்பாலும் ஒழிந்தது 1891-ல். ஃபார்ஸ்டர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

படிப்பு வேணும்னு ஒரு முதலாளி ஏன் சொல்லணும்? கூலிக்கு ஆள் குறையுமே?

அவரே மறைக்காமல் சொன்ன காரணம் இரண்டு. தொடக்கக் கல்வியைச் சீக்கிரம் கொடுக்காவிட்டால் நாட்டின் தொழில்வளம் நிற்காது என்பது ஒன்று. படிக்காத தொழிலாளி தொழில் நுட்பம் தெரியாதவனாகவே இருப்பான், உலகப் போட்டியில் தோற்போம் என்பது ஒரு மில்காரரின் பயம். மற்றது அரசியல். 1867-ல் நகரத் தொழிலாளர் பலருக்கு ஓட்டுரிமை கிடைத்துவிட்டது. ஓட்டுப் போடுகிறவன் எழுதப் படிக்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

நாம் சேர்த்துச் சொல்லவேண்டிய மூன்றாவது விஷயம், அவர் வாழ்ந்த தொழிலே பிள்ளைகளை நம்பி நின்ற தொழில். 1844 தொழிற்சாலைச் சட்டப்படி எட்டு வயதுப் பிள்ளை "அரைநேர" வேலைக்குப் போகலாம், பாதிநாள் ஆலை, பாதிநாள் பள்ளி. யார்க்‌ஷயர் நூற்பாலைகளில் அப்படிப்பட்ட பிள்ளைகள் ஏராளம். 1870 சட்டம் இந்த முறையைத் தொடவே இல்லை. 1918-ல்தான் அதை ஒழிக்கச் சட்டம் வந்தது. ஃபார்ஸ்டரைப் போற்றுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை, திட்டுகிறவர்களுக்குத் தெரிவதில்லை.

பள்ளிக்கூடம் கட்டுறதுல மதச்சண்டை எங்கிருந்து வந்துச்சு?

வரிப்பணம் என்றதும் வந்தது. என் வரியில் நடக்கும் பள்ளியில் உன் சாமியைச் சொல்லிக்கொடுப்பதா என்று ஒவ்வொரு பிரிவும் கேட்டது. திருச்சபைப் பள்ளிகள் அப்படியே இருக்கட்டும் என்றனர் ஆங்கிலிக்கர்கள். அரசு காசில் மதமே கூடாது என்றனர் தனிச்சபைக்காரர் பலர், அதாவது ஆங்கிலிக்கத் திருச்சபையில் சேராத புராட்டஸ்டண்டுகள். இந்தத் தரப்புக்குப் பர்மிங்ஹாமில் தேசியக் கல்வி லீக் என்று அமைப்பு இருந்தது. பின்னாளில் பெரிய தலைவரான ஜோசப் சேம்பர்லைன் அரசியலில் எழுந்ததே அங்கிருந்துதான்.

ஃபார்ஸ்டர் வழக்கம்போல நடுவில் வெட்டினார். வாரியப் பள்ளியில் பைபிள் படிக்கலாம், ஆனால் எந்தப் பிரிவுக்கும் உரிய தனிப் போதனை கூடாது. எந்தப் பள்ளியானாலும் மத வகுப்பு வேளையில் பிள்ளையை வெளியே வைத்துக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு. இதுவரை எப்படியோ ஒத்துக்கொண்டார்கள். கடைசியில் கலகம் கிளப்பியது 25-ஆம் பிரிவு. ஏழைப் பிள்ளையின் கட்டணத்தை, அவன் திருச்சபைப் பள்ளியில் படித்தாலும் வாரியம் கட்டலாம் என்றது அது. தொகை அற்பம், கோபம் பெரிது. சிலர் வரி கட்ட மறுத்தார்கள். 1874 தேர்தலில் பிராட்ஃபோர்டிலேயே சொந்தக் கட்சியின் ஒரு பகுதி அவரை எதிர்த்தது. அப்படியும் ஜெயித்தார்.

அந்த வாரியத் தேர்தல்ல பெண்கள் நின்னாங்கன்னு படிச்சேன். உண்மையா?

உண்மை. நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப்போட உரிமையில்லாத காலத்தில், பள்ளி வாரியத்துக்குப் பெண்கள் நிற்கவும் செய்யலாம், தகுதியுள்ளவர்கள் ஓட்டும் போடலாம். 1870 நவம்பரில் லண்டன் வாரியத் தேர்தலில் மருத்துவர் எலிசபெத் காரெட் மேரில்போன் பகுதியில் முதலிடம் பிடித்தார், 47,000-க்கு மேல் ஓட்டு. எமிலி டேவிஸ் கிரீனிச்சிலிருந்தும், லிடியா பெக்கர் மான்செஸ்டரிலிருந்தும் வந்தார்கள். ஃபார்ஸ்டர் சட்டத்தில் நெடுங்காலம் நிலைத்த பலன் இதுதான் என்றுகூட எனக்குத் தோன்றும். அவரே இவ்வளவு எதிர்பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

ரகசிய ஓட்டும் இவர் கொண்டுவந்ததுதானா?

ஆமாம், 1872. அதற்கு முன் வாக்காளர் மேடையேறி, யாருக்கு ஓட்டு என்று எல்லோர் காதிலும் விழ வாயால் சொல்ல வேண்டும். யார் யாருக்குப் போட்டார் என்று புத்தகமாக அச்சடித்து விற்பார்கள். நிலக்கிழாரும் மில் முதலாளியும் அதைப் புரட்டிப் பார்க்கலாம். அதை ஒழித்த சட்டத்தை ஒரு மில் முதலாளியே அவையில் நடத்திக்கொடுத்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1871-ல் பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது, அடுத்த வருஷம் நிறைவேறியது.

முதல் சோதனை யார்க்‌ஷயரிலேயே, பான்டிஃப்ராக்ட் இடைத்தேர்தலில், 1872 ஆகஸ்ட் 15. அந்த ஊர் அதிமதுர மிட்டாய்க்குப் பெயர்போனது. ஓட்டுப்பெட்டிக்கு அரக்கு வைத்தபோது மிட்டாயில் குத்தும் முத்திரையையே எடுத்துக் குத்தினார்கள். கோட்டையும் ஆந்தையும் போட்ட அச்சு. அந்தப் பெட்டி இன்றும் இருக்கிறது.

இவ்வளவு செஞ்சவர் ஏன் பிரதமர் ஆகலை?

1875-ல் முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டன் லிபரல் கட்சித் தலைமையை விட்டபோது வாய்ப்பு வந்தது. ஃபார்ஸ்டர் பெயர் பலமாக அடிபட்டது. ஆனால் மேலே சொன்ன 25-ஆம் பிரிவுக் கோபம் ஆறவில்லை. தனிச்சபைக்காரர் ஆதரவில்லாமல் லிபரல் கட்சியை நடத்த முடியாது. அவரே விலகிக்கொண்டார், பிரபுக் குடும்பத்து ஹார்ட்டிங்டன் தலைவரானார்.

'பக்‌ஷாட்' ஃபார்ஸ்டர்னு ஏன் பட்டப்பெயர்?

பக்‌ஷாட் என்றால் ரவை, நாட்டுத் துப்பாக்கியில் போடுகிறோமே அது. 1880-ல் கிளாட்ஸ்டன் திரும்பப் பிரதமரானபோது ஃபார்ஸ்டரை பிரிட்டன் ஆண்ட அயர்லாந்துக்கு முதன்மைச் செயலராக, அதாவது அங்கே நிர்வாகத்தை நடத்தும் அமைச்சராக அனுப்பினார். அங்கே நிலக்கிழார்களுக்கு எதிராகக் குத்தகைக்காரர் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. கூட்டத்தைக் கலைக்கக் காவலர்கள் பெரிய குண்டுக்குப் பதில் ரவை போட்டுச் சுடலாம் என்ற ஏற்பாடு அவர் தலையில் விழுந்தது. உயிர்ச்சேதம் குறையும் என்று அதற்கு நியாயம் சொன்னார்கள். சுடப்படுகிறவர்களுக்கு அந்த நியாயம் எப்படிப் புரியும்? பெயர் ஒட்டிக்கொண்டது.

"பாய்காட்" என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சொல்லும் அவர் பதவிக்காலத்தில் பிறந்ததுதான். 1880 இலையுதிர்காலத்தில் மேயோ பகுதியில் கேப்டன் பாய்காட் என்ற நிலக்கிழாரின் ஏஜென்டை ஊரே ஒதுக்கிவைத்தது. அறுவடைக்கு வெளியிலிருந்து ஐம்பது பேரைக் கொண்டுவந்தார்கள், அவர்களுக்குக் காவல் ஆயிரத்தை ஒட்டிய படை. கிழங்கின் விலையைவிடக் காவல் செலவு பல மடங்கு.

பஞ்சத்துக்குப் போய் உதவி செஞ்சவர்னும் சொல்றாங்க. ரெண்டும் ஒரே ஆளா?

ஒரே ஆள்தான். 1847-ல் உருளைக்கிழங்குப் பஞ்சம் அயர்லாந்தை அழித்தபோது, குவேக்கர்களின் நிவாரணப் பணியில் அப்பாவோடு கானமாராவுக்குப் போனார். எலும்பும் தோலுமாகத் தன்னைச் சூழ்ந்த மக்களைப் பற்றி அவர் எழுதியது அன்று இங்கிலாந்தில் படிக்கப்பட்டது.

அதனால் 1880-ல் போகும்போது அயர்லாந்தைத் தெரிந்தவன் என்ற நம்பிக்கையோடுதான் போனார். வெளியேற்றப்படும் குத்தகைக்காரருக்கு நஷ்டஈடு தர ஒரு மசோதா கொண்டுவந்தார், பிரபுக்கள் சபை கவிழ்த்தது. கையில் சலுகை எதுவும் இல்லாமல் போனபின் அவர் எடுத்தது 1881 அடக்குமுறைச் சட்டம். சந்தேகத்தின் பேரில் விசாரணையின்றிச் சிறையில் வைக்கலாம். நூற்றுக்கணக்கானோர் உள்ளே போனார்கள், அக்டோபரில் ஐரிஷ் தலைவர் பார்னலும் போனார். 1848-ல் பிராட்ஃபோர்டில் பலித்த உத்தி இங்கே பலிக்கவில்லை. அங்கே இருதரப்பும் ஒரே சந்தையில் நின்று பேரம் பேசின. இங்கே ஒரு தரப்பு அந்தச் சந்தையே வேண்டாம் என்றது. அதை அவர் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை என்பது என் கருத்து.

துணிச்சல் இல்லாதவர் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. 1882 மார்ச்சில் டல்லமோர் ஊரில், கொலைமிரட்டல்களுக்கு நடுவே, விடுதி ஜன்னலில் நின்று எதிரிக் கூட்டத்தைப் பார்த்தே பேசினார்.

ஃபீனிக்ஸ் பூங்கா கொலை இவருக்கு வச்ச குறியா?

அன்றைக்கு அல்ல, அதற்கு முன்னால் வைத்திருந்தார்கள். 1882-ல் கிளாட்ஸ்டன் பார்னலோடு மறைமுகமாக உடன்பாட்டுக்கு வந்து அவரை விடுவித்தார். வெளிப்படையான உறுதிமொழி இல்லாமல் விடுவிக்கக் கூடாது என்று சொல்லி மே 2 அன்று ஃபார்ஸ்டர் ராஜினாமா செய்தார். அடுத்து வந்தவர் ஃபிரெடெரிக் கேவண்டிஷ் பிரபு. டப்ளினில் பதவியேற்ற அன்றே, மே 6 மாலை, பூங்காவில் நடந்து போகும்போது மூத்த அதிகாரி பர்க்கோடு சேர்த்து அவரையும் கத்தியால் குத்திக் கொன்றார்கள். குறி பர்க்குக்குத்தான். கேவண்டிஷ் யாரென்றே கொலையாளிகளுக்குத் தெரியாது.

1883 விசாரணையில் மற்றது வெளிவந்தது. அதே கும்பல் ஃபார்ஸ்டரைக் கொல்லப் பலமுறை காத்திருந்திருக்கிறது. ஒருமுறை ரயில் நிலையத்தில் நின்றார்கள், அவரோ முந்தைய ரயிலிலேயே போய்விட்டிருந்தார்.

இந்தியாவோடு இவருக்கு ஏதாவது சம்பந்தம் உண்டா?

குடும்ப வழியில் உண்டு. மனைவியின் தம்பி வில்லியம் டெலஃபீல்ட் ஆர்னால்ட் பஞ்சாபில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர். அவர் மனைவி இந்தியாவிலேயே இறந்தார். ஊர் திரும்பும் வழியில் 1859-ல் ஜிப்ரால்டரில் அவரும் இறந்தார். அநாதையான நான்கு பிள்ளைகளையும் குழந்தையில்லாத ஃபார்ஸ்டர் தம்பதி எடுத்து வளர்த்தார்கள். அதில் ஹியூ ஆர்னால்ட்-ஃபார்ஸ்டர் பின்னாளில் பிரிட்டனின் போர்த்துறை அமைச்சரானார்.

கடைசியில என்ன ஆனாரு?

அயர்லாந்துக்குத் தன்னாட்சி தரும் மசோதாவைக் கிளாட்ஸ்டன் 1886 ஏப்ரல் 8-ல் அவையில் வைத்தார். அதை எதிர்த்திருக்கக்கூடிய ஃபார்ஸ்டர் ஏப்ரல் 5-லேயே இறந்துவிட்டார். ஆலை இருந்த பர்லி கிராமத்திலேயே புதைத்தார்கள். லண்டனில் தேம்ஸ் கரையில் ஒரு சிலை, பிராட்ஃபோர்டில் ஒரு சிலை, இரண்டும் 1890-ல் வைத்தவை. பிராட்ஃபோர்டுச் சிலை நிற்கும் சதுக்கத்துக்கு அவர் பெயர், அருகிலுள்ள ரயில் நிலையத்துக்கும் அதே பெயர்: பிராட்ஃபோர்டு ஃபார்ஸ்டர் ஸ்கொயர். டைட்டஸ் சால்ட் கட்டிய சால்டேருக்குப் போகும் ரயில் அங்கிருந்துதான் கிளம்புகிறது.